14 நாட்களில் மாறிய பெருங்குடல்

சென்ற ஆண்டு என் அக்காவின் பெருங்குடலில் இருந்து இரண்டு பாலிப்களை (குடல் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டிகளை) மருத்துவர்கள் அகற்றினார்கள். திசு ஆய்வில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் எங்கள் பெரியப்பா குடல் புற்றுநோயால் இறந்தவர் என்பதால், "இது நம்ம குடும்பத்து மரபணு. இனிமேல் எதைச் சாப்பிட்டால் என்ன?" என்று அக்கா மனம் தளர்ந்து கேட்டார். அவருக்கு நான் விளக்கிச் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் லட்சம் பேருக்குச் சுமார் 65 பேர் என்ற அளவில் பெருங்குடல் புற்றுநோய் வந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் அது லட்சத்துக்கு 5 பேருக்கும் குறைவாக இருந்தது. இரு சாராரும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்பதால், இவ்வளவு பெரிய இடைவெளிக்குப் பரம்பரையை மட்டும் காரணமாகச் சொல்வது கடினம். இதைச் சோதிக்க, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓகீஃப் தலைமையிலான குழு, பிட்ஸ்பர்க்கில் 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களையும் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு பகுதிக் கிராமங்களில் 20 பேரையும் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரங்களுக்கு அவர்களின் உணவை ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுத்தது. முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. மக்காச்சோளம், காராமணி, வெண்டைக்காய் போன்றவற்றை உண்ட அமெரிக்கர்களின் நார்ச்சத்து நாளொன்றுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. குவாசுலு கிராமத்தினருக்கோ அது 66 கிராமிலிருந்து 12 கிராமாகக் குறைந்து, கொழுப்பும் இறைச்சியும் பெருகின.

பதினான்கே நாட்கள்தான். அதற்குள் அமெரிக்கர்களின் குடல் உட்சுவரில் அழற்சியின் அடையாளங்களும், செல்கள் பெருகும் வேகமும் குறைந்தன. ஆப்பிரிக்கர்களுக்கு இரண்டும் கூடின. பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலத்தின் உற்பத்தி அமெரிக்கர்களிடம் இரண்டரை மடங்கானது, ஆப்பிரிக்கர்களிடம் பாதியாகச் சரிந்தது.

இந்தப் பியூட்டிரேட்தான் உணவுக்கும் மரபணுவுக்கும் இடையே ஓடும் செய்தி. நார்ச்சத்தை நம் உடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்யும்போது பியூட்டிரேட் பிறக்கிறது. குடல் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை அதிலிருந்தே பெறுகின்றன. அதோடு அதன் வேலை முடிவதில்லை.

ஒவ்வொரு செல்லிலும் சுமார் இரண்டு மீட்டர் நீள டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. கட்டு இறுகிய ஓலைச்சுவடியை விரித்துப் படிக்க முடியாததைப் போல, சுற்று இறுகிய இடத்தில் உள்ள மரபணுவைச் செல்லால் படிக்க முடியாது. ஹிஸ்டோனில் அசெட்டைல் குழுக்கள் என்னும் சிறு வேதித் துணுக்குகள் ஒட்டினால் கட்டு தளரும். அவற்றை நீக்கும் நொதிகள் மீண்டும் இறுக்கும். பியூட்டிரேட் இந்த நொதிகளைத் தடுக்கிறது. அதனால் செல் பிரிவதை நிறுத்தி வைக்கும் பி21 போன்ற மரபணுக்கள் படிக்கப்படுகின்றன. இதில் என்னை வியக்க வைப்பது வேறொன்று: நலமான செல் பியூட்டிரேட்டை எரித்து ஆற்றலாக்கிவிடுகிறது, புற்றுச் செல்லோ பெரும்பாலும் குளுக்கோஸையே எரிப்பதால், எரியாத பியூட்டிரேட் அதன் உட்கருவுக்குள் சேர்ந்து அங்கே தடுப்பு வேலையைச் செய்கிறது. ஒரே பொருள், இடத்துக்கேற்ப உணவாகவும் கடிவாளமாகவும் இருக்கிறது.

அழற்சிக்கும் இதே வழிதான். நோயெதிர்ப்பு மண்டலத்தை அமைதிப்படுத்தும் ஒழுங்காற்று டி செல்கள் பெருகப் பியூட்டிரேட் உதவுகிறது. மாறாக, கொழுப்பு மிகுந்த உணவைச் செரிக்க அதிகம் சுரக்கும் பித்த அமிலங்களைப் பாக்டீரியாக்கள் மாற்றும்போது, குடல் சுவரை அரிக்கும் இரண்டாம் நிலைப் பித்த அமிலங்கள் உருவாகின்றன. உணவு மாற்றத்தால் இவை அமெரிக்கர்களிடம் பெருமளவு குறைந்தன, ஆப்பிரிக்கர்களிடம் பல மடங்கு கூடின.

இதை அக்காவிடம் சொன்னபோது ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொன்னேன். அந்த ஆய்வு அளந்தது புற்றுநோயை அல்ல, அதற்கு முன்னோடியான அறிகுறிகளை மட்டுமே. இரண்டு வாரங்களில் யாருடைய ஆபத்தும் நீங்கிவிடவில்லை. பரம்பரையாகவே புற்றுநோய் வாய்ப்பு மிகுந்த லிஞ்ச் நோய்க்குறி உள்ள 900-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த இன்னொரு சோதனை, இந்த எச்சரிக்கை எவ்வளவு தேவை என்பதைக் காட்டியது. அவர்களில் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் நார்ச்சத்தைப் போலவே பெருங்குடல் வரை செல்லும் செரிக்காத மாவுச்சத்தை 30 கிராம் கொடுத்து, பிறகு பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். எதிர்பார்த்ததற்கு மாறாக, பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை. ஆனால் இரைப்பை, கணையம் உள்ளிட்ட பிற உறுப்புகளின் புற்றுநோய்கள் சுமார் பாதியாகக் குறைந்ததாக 2022-இல் அறிவித்தார்கள்.

பழுதான மரபணுவோடு பிறந்தவர்களிடமே இப்படி ஒரு விளைவு தெரிந்தது என்பதை அக்கா இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். குடல்நோக்கிப் பரிசோதனையை (கொலனோஸ்கோபி) உணவு ஈடுசெய்யாது என்பதையும் அவர் புரிந்துகொண்டிருக்கிறார். மருத்துவர் குறித்துக் கொடுத்த அடுத்த பரிசோதனைத் தேதி, சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே உள்ள அடுப்பு மேடையில் காராமணி ஊறுகிறது.