கதிரையை விட்டவர்

மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தேநீர்க்கடை ஐயா கேட்டார்: "தம்பி, பதவியைத் தானாக விட்டுப்போன அரசியல்வாதி எங்கேயாவது உண்டா?"

ஜோன் புரொபியூமோவின் கதையைச் சொன்னேன். 1940இல், 25 வயதில் பிரித்தானிய நாடாளுமன்றம் போனவர். 1960இல் போர்த்துறை அமைச்சர். பிறகு கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணோடு உறவு. அவளுக்குச் சோவியத் கடற்படை அதிகாரி ஒருவரோடும் பழக்கம். பனிப்போர்க் காலம், கேட்கவா வேண்டும்! 1963 மார்ச்சில் சபையில் எழுந்து, தவறேதும் நடக்கவில்லை என்றார். ஜூனில் பொய்யை ஒப்புக்கொண்டு விலகினார். உறவைவிட அந்தப் பொய்தான் அவரை விழுத்தியது என்பது என் எண்ணம்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்திய கதை. கிழக்கு லண்டனில் ஏழைகளுக்கு உதவும் டொயின்பி ஹோலில் சம்பளமில்லாத தொண்டராகச் சேர்ந்தார். கழிப்பறை கழுவுவதில் தொடங்கினாராம். பல பத்தாண்டுகள் அங்கேயே உழைத்தார். 2006இல், 91 வயதில் இறக்கும்வரை அந்த விவகாரத்தைப் பற்றி வெளியில் வாய் திறக்கவில்லை.

"அமைச்சரா? கழிப்பறையா?" என்று ஐயா இரண்டு முறை கேட்டார். பிறகு கிளாசைக் கழுவியபடி, "இங்கே பிரதேச சபைக் கதிரையையே விடமாட்டார்களே" என்றார்.

அதற்குள் வவுனியா பஸ் வந்துவிட்டது.