சூடேறினால் வெட்டும் ஆர்எக்ஸ்-8: செந்தூல் நாட்குறிப்பு

ஏப்ரல் 5, சனி

கரக் ஹைவே, கெந்திங் செம்பா ஏற்றம். மூன்றாவது கியரில் 5,000 ஆர்பிஎம் தாண்டியதும் என் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வெட்டி வெட்டி இழுத்தது. என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. சும்மா எரிந்தால் வீடுவரை ஓட்டலாம்; மின்னினால் கூடாது. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்குள் போய் எரிந்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடும். ஓரங்கட்டி ஆறவிட்டு, மெல்ல கோலாலம்பூர் திரும்பினேன்.

ஸ்கேனரில் பி0302 என்ற எரர் கோடு, அதாவது பின் ரோட்டரில் சரியாக எரியவில்லை. இது ரோட்டரி என்ஜின்; பிஸ்டனுக்குப் பதில் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு ரோட்டர் சுழலும். போன மாதம் ஒரு வொர்க்‌ஷாப்பில் கேஜ்கூட வைத்துப் பார்க்காமல், “கம்ப்ரஷன் போச்சு, என்ஜினைப் பிரிக்கணும்” என்றார்கள். கம்ப்ரஷன் என்றால் ரோட்டர் உள்ளே காற்றை அழுத்தும் பலம். மனசு ஒப்பவில்லை. கம்ப்ரஷன் போன ரோட்டரி சூட்டில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இதுவோ எவ்வளவு சூட்டிலும் முதல் திருகலிலேயே பிடிக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ரோட்டருக்கு இரண்டு பிளக்: கீழே லீடிங், மேலே டிரெய்லிங். பொறிக்கு மின்சாரம் தர பிளக்குக்கு ஒரு காயில், ஆக நான்கு. பிஸ்டன் என்ஜினில் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சிலிண்டரில் ஒருமுறை எரியும். இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி வேண்டும். 9,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 150. அதுவும் காயில் என்ஜின் சூட்டிலேயே உட்கார்ந்துகொண்டு. பிரேக் பேடு மாதிரி இதுவும் தேய்கிற சாமான் என்றுதான் நான் கணக்கு வைக்கிறேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் டார்ச் பிடித்தார். ஐட்லிங்கில் ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றினேன், ஐந்து நொடிக்கு மேல் விடவில்லை. பிளக் கேபிளைப் பிடுங்கக் கூடாது. மின்சாரம் பாய வழியில்லாமல் நல்ல காயிலும் உள்ளே அடிவாங்கும். முன் லீடிங்கை எடுத்ததும் என்ஜின் குலுங்கி நிற்கப் பார்த்தது. பின் லீடிங்குக்கு லேசான நடுக்கம்தான். டிரெய்லிங் இரண்டுக்கும் ஒன்றுமே தெரியவில்லை.

“அப்ப இந்த ரெண்டும் நல்லா இருக்கா தம்பி?”

“ஐட்லிங்கில் சொல்ல முடியாதுண்ணே. நல்லா இருந்தாலும் இப்படித்தான், செத்திருந்தாலும் இப்படித்தான்.”

ஏப்ரல் 7, திங்கள்

நான்கு காயிலும் ஒரே பார்ட் என்பது பெரிய வசதி. வேலை முடிந்து வந்து லீடிங் இரண்டையும் முன்பின் மாற்றிப் போட்டேன். எம்ஆர்ஆர் 2 வட்டச் சாலை வழியாகப் பத்துமலைவரை ஒரு ஓட்டம். திரும்பும்போது மறுபடி வெட்டல். இந்தமுறை பி0301.

கோளாறு காயிலோடு முன் ரோட்டருக்கு வந்துவிட்டது. கம்ப்ரஷன் அப்படி இடம் மாறாது.

ஏப்ரல் 9, புதன்

சாயங்காலம் அடைமழை. கார் போர்ச்சிலேயே டைமிங் லைட்டை எடுத்தேன்; கேபிளில் பொறி பாயும்போதெல்லாம் மின்னும் விளக்கு அது. டிரெய்லிங் சந்தேகம் தூங்கவிடவில்லை. கிளிப்பை முன் டிரெய்லிங் கேபிளில் மாட்டினால், குளிர்ந்த என்ஜினில் ஒளி ஒழுங்காகத் துடித்தது. இருபது நிமிடம் சூடேற்றி 3,000 ஆர்பிஎம்மில் பிடித்தேன். துடிப்பில் ஓட்டை விழுந்தது. பிறகு ஒரே இருட்டு. ஸ்கேனரில் எரர் கோடு எதுவும் வரவில்லை. பல மாதமாகப் பின்னால் அடிக்கும் பெட்ரோல் வாடைக்கும், டேங்க் சீக்கிரம் காலியானதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கழற்றிப் பார்த்தால் காயிலின் அடிப்பூச்சில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், ஓரமெல்லாம் பழுப்பு. அந்த பிளக்கின் முனை கரிபடிந்து ஈரமாக இருந்தது.

ஏப்ரல் 12, சனி

நான்கு காயில், நான்கு கேபிள், நான்கு பிளக், எல்லாம் புதுசு. இரண்டை மட்டும் மாற்றச் சொன்னவர்களும் உண்டு. மற்ற இரண்டும் அதே வயசு, அதே சூடு பார்த்தவை. இடதுபக்க முன்சக்கரத்தைக் கழற்றினால் பிளக்குக்குக் கை எட்டும். லீடிங்குக்கும் டிரெய்லிங்குக்கும் பிளக் வேறுவேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

மாலையில் அதே ஏற்றம், அதே மூன்றாவது கியர். ஆர்பிஎம் உச்சத்தை நெருங்கும்போது எச்சரிக்கும் ரெவ் பீப் அடிக்கும்வரை ஒரே சீராக ஏறியது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு

கோயிலுக்குப் போய்வந்து, பாயசம் குடித்த கையோடு கேட்டலிடிக் கன்வெர்ட்டரை இறக்கினேன். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் தேன்கூட்டுக் கண்கள் வழியே வெளிச்சம் வந்தது. ஒரு ஓரத்தில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு, கண்கள் உருகி ஒட்டிக் கிடந்தன.