பிள்ளைக் காம்பராவில் எழுதிய கொப்பி

எங்கள் தோட்டத்து டிவிஷனுக்கு மேலே கல்குவாரி வந்து மூன்றாவது வருடம், நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயத்துச் சுவர்களில் வெடிப்பு தெரிய ஆரம்பித்தது. மழையே இல்லாத நாளிலும் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் சாம்பல் நிறத் தண்ணீர். இரவு போத்தலில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் ஒரு விரல்கடைக்கு மண் படிந்திருக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யார் மறப்பார்கள்? சுவரில் ஒரு கோடு விழுந்தாலே எங்களுக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

இரண்டு வருடம் வாயால்தான் முறையிட்டோம். தலைவரிடம் சொன்னோம், தோட்டத்தை நடத்தும் தொரையிடம் சொன்னோம், ஓட்டு கேட்டு வந்தவர்களிடமும் சொன்னோம். எதற்கும் ஒரு துண்டுக் கடதாசி கூட எங்களிடம் இல்லை. ஹட்டனில் நடந்த சட்ட உதவி முகாமில் ஒரு அக்காதான் கேட்டார்: "என்ன நிபந்தனையில குவாரிக்கு அனுமதி குடுத்திருக்காங்கன்னு பாத்தீங்களா?" பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

அவர் விளக்கினார். பெரிய திட்டமென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். எங்கள் குவாரி அந்த அளவுக்கு வராது. ஆனால் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டப்படி அதற்கும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். நிபந்தனையை மீறினால் அதை இடைநிறுத்தலாம், இரத்தும் செய்யலாம். அது காலாவதியாகிப் புதுப்பிக்கும் நேரம்தான் நாம் உள்ளே நுழையக்கூடிய வாசல் என்றார்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நிபந்தனைப் பிரதி கேட்டு விண்ணப்பித்தோம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் வந்தது, ஆனால் நிபந்தனைப் பக்கங்கள் இல்லை. மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான் அவகாசம். லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது, கடிதங்கள் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். எங்கள் கடிதம் அங்கே பதினொரு நாள் கிடந்திருக்கிறது. மிச்சம் மூன்று நாள். தபாலை நம்பாமல் நானும் கோயில் கமிட்டி செயலாளரும் முதல் பஸ்ஸில் போய்க் கையில் கொடுத்து, பிரதியில் சீல் வாங்கிக்கொண்டு வந்தோம். அதற்குப் பிறகு எல்லாக் கடிதமும் டவுனில் தெரிந்த ஒரு கடையின் விலாசத்துக்குத்தான். தோட்டத்தில் இருந்து விண்ணப்பிக்கப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்துகொள்ளுங்கள்.

பக்கங்கள் கிடைத்தன. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வெடி, அதுவும் சைரன் ஊதிய பிறகு. கழிவு நீர் ஓடையில் கலக்கக் கூடாது.

முறைப்பாட்டை எங்கள் மரண உதவிச் சங்கத்தின் பெயரில் கொடுத்தோம். எங்களிடம் பதிவும் லெட்டர்ஹெட்டும் இருந்த ஒரே சங்கம் அதுதான். கடிதத்தைத் தமிழில் எழுதினோம். சிங்களத்தில் எழுதினால்தான் வேலை நடக்கும் என்று பலர் சொன்னார்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது, அதை நாமே விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் நின்றேன்.

கள ஆய்வுக்கு அதிகாரிகள் வந்த நாளில் குவாரியில் ஒரு சத்தம் இல்லை. மெஷின் கூட ஓடவில்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்றோம். அப்போது, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயாம்மா ஒரு நாற்பது தாள் கொப்பியோடு வந்தார். வெடிச் சத்தத்தில் பிள்ளைகள் தூக்கம் கலைந்து அலறுவதால், எட்டு மாதமாகத் தேதியும் நேரமும் குறித்து வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "செவ்வாய். 10.20. 11.45. 1.10 – மூணு பிள்ளை எந்திரிச்சிருச்சு. சங்கு ஊதல." அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இத யாரு எழுதச் சொன்னாங்க, அம்மா?" என்று கேட்டார். "யாரும் சொல்லல ஐயா. தாய்மாருக்குப் பதில் சொல்லணும்ல" என்றார் ஆயாம்மா.

சுவர் வெடிப்புகளின் குறுக்கே மாப் பசையால் கடதாசித் துண்டு ஒட்டித் தேதி போட்டிருந்தோம். வெடிப்பு அகன்றால் துண்டு கிழியும். பதினேழில் பதினொன்று கிழிந்திருந்தன. அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணைக்கு இரண்டு தடவை போனோம். முதல் தடவை மொழிபெயர்ப்பாளர் இல்லை, எனவே தேதி மாறியது. எங்கள் பெண்களுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விட்டது. இரண்டாவது தடவை கொப்பியின் பிரதி கோப்பில் சேர்ந்தது. புதுப்பித்தல் நிறுத்தப்படவில்லை. ஆனால் மண் படிய விடும் குழி கட்டும் வரை வெடி வைக்கத் தடை, அதன் பிறகு அதிர்வை அளக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் கூடின. பீலித் தண்ணீர் இப்போது தெளிந்து வருகிறது.

சுவர்களுக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. நட்ட ஈடு கேட்டபோது வீட்டு உறுதிப்பத்திரம் இருக்கிறதா என்றார்கள். நான்கு தலைமுறையாக இருக்கும் லயக் காம்பராவுக்கு எங்கள் பெயரில் ஏது உறுதி? அந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதியிருக்கிறோம், சீல் வாங்கிய பிரதி என்னிடம் இருக்கிறது. ஆயாம்மா இப்போது மூன்றாவது கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறார்.