முதலில் எண்ணெய், அப்புறம்தான் கேம் ஷாஃப்ட்

என்னுடைய 1954 செவர்லே பிக்கப்பின் வால்வு மூடியைக் கழற்றினால் வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்ம் பன்னிரண்டும் இரண்டு ஷாஃப்டில் ஆறு ஆறாக வரிசைகட்டி நிற்கும். போன குளிர்காலம் முழுக்க, கராஜில் ஹீட்டர் போட்டுக்கொண்டு, அந்த வரிசைக்கு முன்னால்தான் இருந்தேன்.

இது 235 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். பிக்கப்பில் வந்தபோது 112 குதிரைத் திறன். இதே குடும்பத்து எஞ்சினைத்தான் 1953 கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வைத்து 150 ஆக்கினார்கள். வால்வை இன்னும் அதிகமாகத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட் (மேடுகள் உள்ள சுழலும் தண்டு), அந்த மேடுகளின் அசைவை மேலே கடத்தும், ஹைட்ராலிக் இல்லாத சாலிட் டேப்பெட், இரட்டை வால்வு ஸ்பிரிங், மூன்று கார்புரேட்டர், கொஞ்சம் கூடுதல் கம்ப்ரஷன், முக்கியமாக இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு பழைய சாமான் சந்தையில் ஐம்பதுகளைச் சேர்ந்த ரேஸ் கேம் ஒன்றும் ஒரு செட் இரட்டை ஸ்பிரிங்கும் கிடைத்தன. விற்றவர் ‘அப்படியே மாட்டலாம்’ என்றார், நானும் அப்படியே மாட்டினேன்.

நானூறு மைல்கூட ஓடவில்லை, டேப்பெட் சத்தம் வந்துவிட்டது. ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை, அதாவது கேப்பை, சரியாக வைத்துப் பார்த்தேன், வைத்த அன்றைக்குச் சத்தம் குறையும், இரண்டு நாளில் திரும்ப வரும். கடைசியில் ராக்கர் ஷாஃப்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், மேல்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அடிப்பக்கத்தில் ஒவ்வொரு ராக்கர் உட்காரும் இடத்திலும் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். ஒரு முனையில் டேப்பெட்டிலிருந்து வரும் கம்பியான புஷ்ராட் மேலே தள்ளுகிறது, மறுமுனையில் ஸ்பிரிங்கும் மேலேதான் தள்ளுகிறது, அப்படியானால் ராக்கர் மொத்த பலத்தோடும் ஷாஃப்டின் அடியில்தானே போய் அழுத்தும்! பின்பக்க ஷாஃப்டின் முனை அடைப்பானைப் பிடுங்கினேன். உள்ளே தார் மாதிரி கசடு, எண்ணெய்த் துளைகள் பாதி மூடியிருந்தன. இந்த எஞ்சினில் ராக்கருக்குப் போகும் எண்ணெய், சிலிண்டர்களுக்கு மேல் உட்காரும் ஹெட்டுக்குள் ஒரு சின்னத் துளை வழியாக ஏறி, நடுவில் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஷாஃப்டுக்கும் போகிறது. அழுத்தமும் குறைவு. பழைய ஸ்பிரிங்கோடு எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்த ஷாஃப்ட், இரட்டை ஸ்பிரிங்கைத் தாங்கவில்லை.

வெளியே தனிக் குழாய் போட்டு ராக்கருக்கு எண்ணெய் கொடுக்கும் கிட் கிடைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணெய் அளவுக்கு மீறிப் போனால் வால்வு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு வழியாக இறங்கி நீலப் புகை வரும். உள்ளே இருக்கும் வழியைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஷாஃப்ட் இரண்டையும் புதிதாகப் போட்டாலே போதும், நான் அதைத்தான் செய்தேன்.

கேமும் போச்சு, அதன் மேடுகளில் (லோப்) இரண்டு தேய்ந்துவிட்டது. அதில் தப்பு என்னுடையதும்தான். இந்த மாதிரி கேமை முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம் பக்கம் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும், தேய்மானத்தைக் குறைக்கும் துத்தநாகம் போதுமான அளவு இருக்கிற எண்ணெயில். இப்போதைய கார் எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். இன்னொன்று, இந்தச் செவர்லே எஞ்சினில் கேமை ஓட்டுவது செயின் இல்லை, ஃபைபர் பற்சக்கரம். கடினமான ஸ்பிரிங் போட்டால் அதன் பல்லுக்கும் சுமை கூடும், அலுமினியத்துக்கு மாறிவிடுவது நல்லது.

நாற்பதுகளின் கடைசியில் ரேஸ் எஞ்சின் பாகங்கள் செய்த வேய்ன் ஹார்னிங் இந்த எஞ்சின்களுக்கு வார்த்த 12-போர்ட் ஹெட்டின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏக்கமாக இருக்கும். நம்முடைய ஹெட்டில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து காற்றும் பெட்ரோலும் உள்ளே போக மூன்றே இன்டேக் வழி, அக்கம்பக்கத்துச் சிலிண்டர்கள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அவருடையதில் ஒவ்வொரு வால்வுக்கும் தனி வழி. அதன் விலைக்கு நான் இன்னொரு பிக்கப்பே வாங்கலாம், சரி, அது அப்படியே இருக்கட்டும்.

இப்போது ஒரிஜினல் ஸ்பிரிங், மிதமான ஒரு புதுக் கேம். நேற்று எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மூடியைத் திறந்து வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை ஒவ்வொன்றாக விட்டு, இன்டேக் ஆறு தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எக்ஸாஸ்ட் பதின்மூன்று தவு என்று கேப் வைத்தேன். கடைசி ராக்கரின் ஓரத்தில் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் திரண்டு வழிந்துகொண்டிருந்தது.