எந்தக் காசில் எந்த வேலை?

ஊர்ப் பொதுநிதியின் கணக்கு என் பொறுப்புக்கு வந்தபோது ஜகாத் (கடமையான தானம்), சதகா (விருப்பத் தானம்), வக்ஃப் நிலத்தின் (அறத்துக்கென நிரந்தரமாக ஒதுக்கிய நிலம்) குத்தகை, வங்கியில் சேர்ந்த வட்டி எல்லாம் ஒரே பேரேட்டில் கிடந்தன. வடிகால், தெருச்சாலை, கிணறு என்று மூன்று வேலைகள் காத்திருந்தன. காசுதான் இருக்கிறதே, ஆரம்பிக்கலாம் என்றார்கள். கேட்கப் போன இடத்தில் ஆலிம் (மார்க்க அறிஞர்), "முதலில் பணத்தைப் பிரியுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

ஜகாத்தில்தான் வாக்குவாதம் முற்றியது. குர்ஆனின் 9:60 வசனம் சொல்லும் எட்டு வகையினரில் சாலையோ பாலமோ கிடையாது. "அல்லாஹ்வின் பாதையில்" என்ற பிரிவில் பொதுப்பணிகளும் அடங்கும் என்று விரித்துச் சொன்ன அறிஞர்கள் உண்டு. ஆனால் பெரும்பான்மைக் கருத்து அதுவல்ல. ஹனஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று) ஜகாத் பெறுபவரின் உடைமையாகவே ஆக வேண்டும். சாலையை ஏழைக்கு எப்படி உடைமையாக்குவது? வசதியுள்ளவரின் காரும் அதில்தானே போகும். எனவே ஜகாத் பணத்தைச் சாலைக்குத் தொடாமல் ஏழை வீடுகளுக்கே கொடுத்துவிட்டோம். சிலர் அதில் குழாய் இணைப்பு வாங்கிக்கொண்டார்கள். அது அவர்கள் விருப்பம்.

வக்ஃபில் சிக்கல் குறைவு. அரேபியாவின் கைபரில் நபித்தோழர் உமர் (ரலி) தன் நிலத்தை ஒதுக்கியபோது, நிலத்தை விற்கவோ அன்பளிப்பாகத் தரவோ கூடாது, வாரிசுக்கும் போகாது, விளைச்சலைத்தான் செலவிடலாம் என்று வைத்த நிபந்தனைதான் இன்றும் அடிப்படை. எங்கள் பத்திரத்தில் தந்தவர் "தண்ணீருக்காக" என்று எழுதியிருந்தார். குத்தகைப் பணம் கிணற்றுக்குப் போனது.

வட்டியை வங்கியில் விட்டுவிடாமல், நன்மையை எதிர்பார்க்காமல் பொதுத் தேவைக்குச் செலவிடலாம் என்று பல ஆலிம்கள் சொல்கிறார்கள். அது வடிகாலுக்கு. முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். கழிவுநீருக்கு அதுவே பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது.

சாலைக்குச் சதகா போதவில்லை. வட்டிக் கடன் வேண்டாம் என்று, வசதியுள்ளவர்களிடம் கர்ழ் ஹஸன் (வட்டியில்லாக் கடன்) கேட்டோம். தெரிந்தவர்களுக்குள் எழுத்தும் சாட்சியும் எதற்கு என்று பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டார். கடனை எழுதி வைக்கச் சொல்லும் 2:282 வசனத்தை வாசித்துக் காட்டியதும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் ஒப்பந்தம். அளவு, தரம், விலை, முடிக்கும் தேதி எல்லாம் எழுதி இஸ்திஸ்னா முறையில் (சொன்னபடி செய்து தரும் ஒப்பந்தம்) போட்டோம். தாமதத்துக்கு அபராதம் போட்டால் அதுவும் வட்டியாகிவிடாதா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1992-ல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) அகாடமி, இஸ்திஸ்னாவில் வேலைத் தாமதத்துக்கு அபராத நிபந்தனையை அனுமதித்திருக்கிறது, கைமீறிய காரணம் இல்லாதவரை. அதனால் கனமழை நாட்களைக் கழித்துக்கொண்டோம். ஆனால் நாங்கள் பணம் தரத் தாமதித்தால் அவர் கூடுதலாகக் கேட்க முடியாது. அது கடன்மீதான வட்டி. "இது என்ன ஒருபக்க நியாயம்?" என்றார் ஒப்பந்ததாரர். அவர் கேட்டதில் தவறில்லை. முழுத்தொகையையும் தனிக் கணக்கில் போட்டுப் பாஸ்புக்கைக் காட்டிய பிறகுதான் ஜல்லி இறக்கினார்.