அப்பாவின் மேடு

"மாமா, இந்த மூக்கு எப்படி இருக்கு?"

அக்கா மகள் போனை நீட்டினாள். ஏதோ செயலியில் மூக்கைச் சீவி வைத்திருந்தாள். நடுவில் இருந்த மேட்டைக் காணோம்.

அது எங்கள் அப்பாவின் மேடு. அவருடைய கண்ணாடி வழுக்காமல் நின்றதே அந்த மேட்டில்தான்.

செல்ஃபியை நம்பாதே என்றேன். ஒரு அடி தூரத்தில் எடுத்தால், ஐந்தடியில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் ஒரு அமெரிக்க ஆய்வு கணக்குப் போட்டிருக்கிறது.

"சரி, ஆபரேஷன்ல என்ன பண்ணுவாங்க?"

மேடு என்றால் எலும்பையும் குருத்தெலும்பையும் ராவுவார்கள். சப்பை மூக்கென்றால் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து வைத்து உயர்த்துவார்கள். வீக்கம் முழுதாக வடிய ஒரு வருஷம்கூட ஆகும்.

அப்புறம் அந்த மாட்டுவண்டிக்காரர் கதையையும் சொன்னேன். ஆங்கிலேயப் படைக்கு வண்டி ஓட்டி, திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கை இழந்தவர். புனே பக்கம் ஒருவர் அவருடைய நெற்றித் தோலைக் கீழே திருப்பித் தைத்து மூக்கு செய்துகொடுத்தார். 1794இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்தது. அவருக்கு ஏதோ ஒரு மூக்கு கிடைத்தால் போதும்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தன் மூக்கைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"அவருக்கு மேடு வச்சாங்களா மாமா?"