நாரை இழுக்கும், ஆளையும் அடிக்கும்: தேயிலைப் பெக்டரியில் நிலைமின்

நல்ல பி.ஓ.பி.எஃப். என்ற பொடித்தரத் தேயிலையை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். இடையிடையே செம்மண் நிறத்தில் நாரும் காம்புச் சிராயும் தெரிந்தால் விலை இறங்கும். அந்த நாரைக் கையால் பொறுக்கிக் கட்டுப்படியாகாது. சல்லடையாலும் முழுதாகப் பிரிக்க முடியாது, ஏனென்றால் தூளின் அளவிலேயே நாரும் நொறுங்கிக் கிடக்கிறது. இலங்கை மலையகத்துப் பெக்டரிகளில் அந்த வேலையைச் செய்வது நிலைமின். சலிக்கும் பகுதியில் வரிசையாக ரோலர் பூட்டி நிற்கும் ஃபைபர் எக்ஸ்ட்ராக்டரில் மோட்டார் இருப்பது ரோலரைச் சுற்றவும் தட்டை ஆட்டவும் மட்டுந்தான். நாரை இழுக்கும் மின்னை மெஷின் தானே உரசி உண்டாக்கிக்கொள்கிறது.

இரண்டு வேறு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு இலத்திரன்கள் போய்விடும். தொட்டுப் பிரிந்தாலே போதும். உரசினால் தொடும் இடம் கூடும், அவ்வளவுதான். கம்பளி இலத்திரனை எளிதில் விடும், பீவீசீ எளிதில் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ரோலர் பீவீசீயிலும் அதன் முதுகில் உரசும் பட்டை கம்பளி ஃபெல்ட்டிலும் இருக்கின்றன. பீவீசீ மின்னைக் கடத்தாது. வந்த மறை ஏற்றம் (நெகட்டிவ் சார்ஜ்) ஓட வழியில்லாமல் ரோலரின் மேற்பரப்பிலேயே தங்கும்.

அந்த ரோலரின் கீழே இரும்புத் தட்டில் தேயிலை வருகிறது. ரோலரின் மறை ஏற்றம் நாரில் இருக்கும் இலத்திரன்களைக் கீழ்நோக்கித் தள்ள, அவை தட்டு வழியாக எர்த்துக்கு இறங்கிவிடும். மிஞ்சிய நேர் ஏற்றத்தோடு நார் துள்ளி ரோலரில் ஒட்டும். மேலே சுற்றிப் போனதும் ஃபெல்ட் அதைத் துடைத்துத் தகரப் பீலியில் தள்ளும். தேயிலைத் துண்டுக்கும் இதே இழுவை உண்டு. ஆனால் அது கட்டியானது, கனமானது. நாருக்குக் கனம் குறைவு, பரப்பு அதிகம். அதோடு காம்பும் நாரும் இலையை விட மெதுவாகக் காய்வதால் அவற்றில் ஈரம் சற்றுக் கூடுதலாக நிற்கும். ஈரம் உள்ளதில் ஏற்றம் சீக்கிரம் நகரும். தட்டு இரும்பாக இருந்து எர்த்தும் ஆகியிருக்க வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான். பாதுகாப்பு இரண்டாவது காரணம், அதற்குப் பிறகு வருகிறேன்.

நம்பாதவர்களுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை. ஒரு அடி நீள பீவீசீ வயர் பைப்பைக் கம்பளி ஸ்வெட்டரில் பத்துப் பதினைந்து தடவை அழுத்தித் தேய்த்து, எவர்சில்வர் தட்டில் மெல்லியதாகப் பரப்பிய மலிவுத் தேயிலைக்கு மேலே ஒரு அங்குல உயரத்தில் பிடியுங்கள். நார்தான் முதலில் எழும்பும். அதே தேயிலையைப் பிளாஸ்டிக் தட்டில் பரப்பிப் பிடித்தால் வேகம் குறையும். க.பொ.த. சாதாரண தர வகுப்புக்கு நிலைமின் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு, சீப்பையும் காகிதத் துண்டையும் விட இது நல்ல பாடம். மழை நாளில் மட்டும் வேண்டாம், மானம் போகும்.

மழை நாளில் ஏன் வேலை செய்யாது என்பதில்தான் பெக்டரிக்காரர்களின் தலைவலி முழுவதும் இருக்கிறது. காற்றில் ஈரப்பதன் 65, 70 வீதத்தைத் தாண்டினால் எல்லாப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். ஏற்றம் அந்தப் படலம் வழியாக வடிந்துவிடும். ரோலர் சுற்றும், ஃபெல்ட் உரசும், நார் மட்டும் தட்டிலேயே கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்கு வறண்ட கச்சான் காற்றாக இறங்குகிறது. அதே வாரத்தில் பண்டாரவளை, ஹப்புத்தளை பெக்டரிகளில் ரோலர் சொன்னபடி கேட்கும், இந்தப் பக்கம் முரண்டு பிடிக்கும். தை, மாசியில் மேற்குச் சரிவுக்கு வறட்சி வரும்போது இங்கேயும் சுத்தமாக நார் எடுக்கலாம்.

மழைக்கு மருந்து இரண்டு. ஒன்று, டிரையரிலிருந்து வந்த தேயிலையை ஆறப்போட்டு இராத்தங்க வைக்காமல் சூட்டோடு எக்ஸ்ட்ராக்டருக்குக் கொண்டுபோவது. டிரையர் வாயில் தேயிலையின் ஈரம் ஏறக்குறைய 3 வீதம். திறந்து வைத்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை வேகமாகக் குடிக்கும். மற்றது, சலிக்கும் பகுதியின் கதவு ஜன்னலைச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் மெஷினோ ஹீட்டரோ போட்டு அறையைக் காய வைப்பது. பல இடங்களில் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதை மறந்துவிடுகிறார்கள். என் கணக்கில் முதலாவதே பெரிது, அதற்குச் செலவும் கிடையாது.

ரோலரை எந்த உயரத்தில் வைப்பது என்று கேட்டால் ஒரே அளவு சொல்ல முடியாது. கிரேடுக்குக் கிரேடு மாறும். செய்முறை இதுதான்: உயர்த்தி வைத்துத் தொடங்குங்கள். பீலியில் விழுவதைக் கையில் எடுத்துப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். நாரோடு கறுப்புத் துண்டும் வரத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு நூல் மேலே தூக்குங்கள். முன்வரிசை ரோலர் உயரத்தில் நின்று லேசான பஞ்சை எடுக்கட்டும், பின்வரிசை தாழ நின்று காம்பை எடுக்கட்டும். தட்டில் தேயிலை ஒரே படலமாக ஓட வேண்டும். தடிப்பாக ஊட்டினால் அடியில் கிடக்கும் நாருக்கு மேலே வர வழியில்லை. எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கவில்லை என்று வரும் முறைப்பாட்டில் பாதி, ஆள் அவசரப்பட்டு ஊட்டுவதுதான்.

மீதிப் பாதி ஃபெல்ட்டும் ரோலரும். ஃபெல்ட்டில் தூசி அடைத்துக் கட்டியானால் பிறகு தூசி தூசியோடுதான் உரசும், கம்பளி உரசாது. வேலை முடிந்ததும் கழற்றித் தட்டி, பிரஷ் போட்டு, காய்ந்த இடத்தில் வையுங்கள். முடி கொட்டி மொட்டையானால் மாற்றுங்கள். உரசல் போதவில்லை என்று ஃபெல்ட்டை இறுக்கிக்கொண்டே போனால் ரோலர் சூடேறும். பீவீசீ 80 பாகை அளவிலேயே இளகும் சாமான். ரோலரைத் துடைக்க நன்றாகப் பிழிந்த துணி, பிறகு காய்ந்த துணி. சோப்பு, சலவைத் திரவம் கூடாது. அவை விட்டுப்போகும் படலம் ஈரத்தை இழுத்து ஏற்றத்தை வடிய விடும். தின்னர், பெற்றோல் போட்டுத் துடைப்பவரை உடனே வெளியே அனுப்புங்கள்.

நார் முழுதாகப் போகவில்லையென்று திரும்பத் திரும்ப ஓட்டுவதும் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் தேயிலை தட்டில் அடிபட்டு மேற்பூச்சு உதிரும், புளூம் எனும் மினுக்கம் போய்ச் சாம்பல் நிறம் வரும். நாரோடு இருந்த தேயிலைக்குக் கிடைக்கிற விலைகூடச் சாம்பல் தேயிலைக்குக் கிடைக்காது. இப்போது கமராவால் நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோட்டர் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, ஆனால் பஞ்சும் நாரும் முன்னாலேயே போய்விட்டால் அதற்கு வேலை பாதிதான்.

இனி அடி. 'ஷொக்' உறைப்பதற்கே உடம்பில் இரண்டு மூவாயிரம் வோல்ட் சேர்ந்திருக்க வேண்டும். வோல்ட் பெரிது, மின்னின் அளவு சொற்பம். அந்த அடியால் யாரும் சாவதில்லை. அடி விழுந்ததும் கை உதறி ஓடும் பெல்ட்டிலோ செயினிலோ போய்ச் சிக்குவதுதான் ஆபத்து. ஆகவே அவற்றை மூடியிருக்கும் கார்டைக் கழற்றி வைத்து வேலை செய்யாதீர்கள்.

பொறி வேறு கதை. 10,000 வோல்ட் ஏறிய ஒரு மனித உடம்பின் பொறியில் 7 மில்லியூல் அளவு சக்தி இருக்கும். காற்றில் மிதக்கும் தாவரத் தூசியைப் பற்ற வைக்கப் பெரும்பாலும் பல பத்து மில்லியூல் வேண்டும் என்பதால் ஆள் தொட்டுப் பற்றுவது அபூர்வம். ஆனால் எர்த் இல்லாமல் தனித்து நிற்கும் ஒரு பெரிய இரும்புப் பெட்டி அதே வோல்டில் 50 மில்லியூலைச் சேர்த்து வைக்கக் கூடியது. தட்டு ரப்பர் புஷ்ஷில் ஆடும், தேயிலை கொட்டும் ஹொப்பர் பெயின்ட் பூசிய போல்ட்டில் நிற்கும், பார்வைக்கு எல்லாம் ஒரே இரும்பாகத் தெரியும். மல்ட்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு பாகத்துக்கும் எர்த் பாருக்கும் இடையில் அளந்து பாருங்கள். நிலைமின் வடிய ஒரு மெகாஓம் போதும் என்றாலும் இரும்புக்கும் இரும்புக்கும் இடையில் 10 ஓமுக்கு மேல் காட்டினால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. ஆடும் பாகத்துக்குப் பின்னிய செப்புப் பட்டி போடுங்கள். ஒற்றைக் கம்பி அதிர்வில் முறியும்.

உத்தரத்திலும் டிரையர் மேலும் படியும் பஞ்சை கொம்பிரஸர் காற்றால் ஊதாதீர்கள். படிந்து கிடந்ததை நீங்களே மேகமாக்குகிறீர்கள். வக்யூம் நல்லது, ஆனால் அதன் பிளாஸ்டிக் குழாய் வழியாகத் தூசி ஓடும்போது குழாயே ஏற்றம் பெறும். நுனியில் இரும்பு மூக்கு இருந்தால் அதற்கும் எர்த் வேண்டும்.

தோட்டத்தில் உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது பெற்றோலுக்கு. அதன் ஆவிக்குக் கால் மில்லியூல் அளவே போதும், உறைந்த காலையிலும் ஆவி கிளம்பும். புல்வெட்டும் மெஷினுக்கும் கொழுந்து வெட்டும் மெஷினுக்கும் கேனில் வாங்கும்போது, கேனை லொறித் தட்டிலோ திரீவீலின் ரப்பர் விரிப்பிலோ வைத்து நிரப்பாதீர்கள். தரையில் இறக்கி, பம்பின் மூக்கு கேனின் வாயைத் தொட்டபடி, மெதுவாக. ஐந்து வீதம் காலியாக விடுங்கள்.

தை மாதத்து நுவரெலியாவில் நைலோன் ஜக்கட்டோடு கார் சீட்டிலிருந்து இறங்கி அடி வாங்குபவர்கள், சீட்டை விட்டு எழும்பும் முன்பே கதவின் இரும்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் போதும். ஃபோன் திருத்துபவர்களுக்கு அடி உறைக்கும் அளவெல்லாம் தேவையில்லை. நூறு வோல்டுக்குக் கீழேயே சில சிப் செத்துவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. உடம்பை எர்த்தோடு இணைக்கும் கைப்பட்டி கட்டுங்கள். அதில் ஒரு மெகாஓம் தடை இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். வெறும் வயரைக் கையில் சுற்றி எர்த்தில் பூட்டியவர் தவறி 230 வோல்டைத் தொட்டால் முழுக் கரண்டும் உடம்பு வழியாகப் போகும். தடை இருந்தால் கால் மில்லிஅம்பியருக்கு மேல் போகாது.